அந்தக் காலம் எந்தக் காலம்?

வன்னியில் எந்தச் சாவீட்டிலும், எந்தக் கமக்கார அமைப்புக் கூட்டத்திலும், கசிப்பைப் பற்றியோ களவைப் பற்றியோ பேச்சு எழுந்தால் அது போய் முடிகிற இடம் ஒன்றுதான். “அந்தக் காலத்தில எண்டால் இப்பிடி நடக்குமே?” என்று ஒருவர் கேட்பார். சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். நடுச்சாமத்தில் நகையோடு தனியாகச் சைக்கிளில் வந்த பெண்ணின் கதை இன்னொரு முறை சொல்லப்படும். அதோடு பேச்சு அடங்கிவிடும். சரி, இப்போது என்ன செய்வது என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. பதில் ஏற்கெனவே கையில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். சனத்துக்குப் பயம் விட்டுப்போச்சு, பயம் திரும்பி வந்தால் எல்லாம் சரிவரும் என்பதே அந்தப் பதில். ஊர்ப் பெரியவர் அதை விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பெயரால் சொல்கிறார். ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அரசியல்வாதி விசேட அதிரடிப்படையை இறக்கச் சொல்லிக் கேட்கிறார். மகனின் காற்சட்டைப் பையில் ஐஸ் போதைப்பொருள் பொட்டலத்தைக் கண்ட தாய், “நாலு பேரைச் சுட்டால்தான் திருந்துவாங்கள்” என்கிறாள். மூவரும் மூன்று திசையில் நிற்பவர்கள். சொல்கிற மருந்து மட்டும் ஒன்று. அந்த மருந்தைத்தான் நான் மறுக்கிறேன், தாயின் வேதனையை அல்ல.

உண்மையான பகுதியை முதலிலேயே ஒத்துக்கொள்ளலாம். தமிழீழக் காவல்துறை 1990களின் தொடக்கத்தில் உருவானது. நெடுங்காலம் அதன் பொறுப்பாளராக இருந்த பா. நடேசன் முன்பு இலங்கைப் பொலிஸில் கான்ஸ்டபிளாக இருந்தவர். 2002 போர்நிறுத்தத்தின் பின் கிளிநொச்சியில் அந்தக் காவல்துறையும் நீதிமன்றங்களும் வெளிப்படையாகவே இயங்கின. களவு குறைவாக இருந்தது. கசிப்பு காட்டுக்குள் ஒளித்துத்தான் காய்ச்சப்பட்டது. பெண்கள் இரவில் போய்வந்தார்கள். இதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்பவர் வன்னியில் வாழ்ந்தவராக இருக்கமாட்டார்.

ஆனால் அந்த அமைதியின் கணக்கு முழுவதையும் பயத்தின் பெயரில் எழுதுவது பிழை. அன்றைய வன்னி ஒரு மூடிய நிலம். ஆண்டுக்கணக்கில் பொருளாதாரத் தடை. 2002இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இரண்டு பக்கமும் சோதனை. வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைக் களவெடுத்தால் எங்கே கொண்டுபோய் விற்பது? ஹெரோயினை யார் கொண்டுவருவது, எந்தக் காசில் வாங்குவது? இன்று பரந்தன் சந்தியில் நின்று பார்த்தால் ஒரு மணித்தியாலத்தில் கொழும்பு, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்று எத்தனை வாகனம் கடக்கிறது! 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் மீண்டும் வந்தது. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வந்தது, கைத்தொலைபேசி வந்தது, வெளிநாட்டுக் காசு வந்தது, வாரத் தவணைக்கு வாசலில் வந்து நிற்கும் நுண்நிதிக் கடனும் வந்தது. திறந்த வீதியின் குற்றங்களை மூடிய வீதியின் அமைதியோடு வைத்து ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் எல்லாம் பயத்தில்தான் என்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. பழைய கதைகளைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் அவை பயத்தைப் பற்றியவையாகவே இருக்காது. “போய்ச் சொன்னால் அடுத்த நாளே கூப்பிட்டு விசாரிப்பினம்” என்பார்கள். “எங்கட பாஷையில எழுதி வாசிச்சும் காட்டுவினம்” என்பார்கள். “ஆர் ஆற்ற பிள்ளை எண்டு அவைக்குத் தெரியும்” என்பார்கள். முறைப்பாட்டுக்குக் காது கிடைத்தது, அது சொந்த மொழியில் கிடைத்தது, முடிவு கெதியாக வந்தது. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, முடிவுரையில் மட்டும் துவக்கைக் கொண்டுவந்து வைக்கிறோம். ஏக்கத்தோடு பேசுகிறவரின் சாட்சியமே அவருடைய தீர்ப்புக்கு எதிராக நிற்கிறது.

அந்த ஒழுங்குக்குக் கொடுத்த விலையையும் கணக்கில் எடுக்கவேண்டும். தண்டித்த கையை யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. மாடு கடத்தியவனை மரத்தில் கட்டிய அதே அதிகாரம், இறுதி ஆண்டுகளில் வீடு வீடாகப் பிள்ளைகளையும் கேட்டு வந்தது. நகையோடு பயமின்றி நடந்த பெண், அதே வீட்டில் தன் பதினாறு வயதுப் பிள்ளையைப் பெட்டகத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அந்தக் காலம் என்று சொல்லும்போது நாம் எந்தக் காலத்தைச் சொல்கிறோம்? 2003ஐயா, 2008ஐயா? பதில் சொல்லத் தேவையில்லாத ஓர் அதிகாரம் நமக்குப் பிடித்த வேலையை மட்டும் செய்துவிட்டுப் போவதில்லை. இதை வன்னிச் சனத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் அறிந்ததை நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான்.

இனி இரண்டாவது கட்சியினர். இயக்கம் வேண்டாம், அரசின் கை இறுகட்டும் என்கிறவர்கள். இவர்களுக்கு முல்லைத்தீவையே பதிலாகக் காட்டலாம்.  அங்கே குறைந்தது 60,000 படையினர் இருப்பதாக, அதாவது இரண்டு பொதுமக்களுக்கு ஒரு படையினர் என்ற அளவில் இருப்பதாக, அடையாளம் கொள்கை ஆய்வு மையமும் பேர்ள் அமைப்பும் 2017 அறிக்கையில் மதிப்பிட்டன. மதிப்பீட்டில் சண்டை பிடிக்கிறவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும். அப்போதும் நாலு பேருக்கு ஒருவர். ஆயுதம் தாங்கிய ஆட்களின் எண்ணிக்கை குற்றத்தைக் குறைக்கும் என்றால், இலங்கைத் தீவிலேயே ஒரு கள்ளன்கூட இல்லாத மாவட்டமாக முல்லைத்தீவு இருந்திருக்க வேண்டும். அங்கே ஆற்று மணல் போகிறது, முதிரை மரம் போகிறது, கசிப்பு ஓடுகிறது. சோதனைச் சாவடி இருக்கும் வீதியால்தான் டிப்பரும் போகிறது.

இதே முகாம் நிலம் 2025 ஓகஸ்டில் இன்னொரு செய்தியையும் தந்தது. முத்தையன்கட்டில் படைமுகாம் ஒன்றுக்குள் இரவில் போன இளைஞர்கள் தாக்கித் துரத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. அவர்களில் ஒருவர் குளத்தில் சடலமாக மீட்கப்பட்டார். படையினர் சிலர் கைதானார்கள். ஓகஸ்ட் 18இல் வடக்குக் கிழக்கில் ஹர்த்தால் நடந்தது. நீதிமன்றம் தன் வேலையைச் செய்யட்டும். என் கேள்வி வேறு. இருட்டில் நடந்த இப்படி ஒரு விஷயத்தைப் போய்ச் சொல்ல, சொன்ன பிறகும் நிம்மதியாக வீடு திரும்ப, அந்தக் கிராமத்துக்கு ஹர்த்தாலை விட்டால் வேறு என்ன வழி இருந்தது? 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதியே, குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கை அடுத்துத் தனக்கு அச்சுறுத்தல் இருப்பதாக எழுதிவைத்துப் பதவி விலகி நாட்டை விட்டே போனார். நீதிபதிக்கே இல்லாத துணிவை ஒட்டுசுட்டானில் ஒரு விதவைத் தாயிடம் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

தென்னிலங்கையும் இந்த இறுக்கமான கையைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டது. 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய, போதைப்பொருளுக்கு எதிரான ‘யுக்திய’ பொலிஸ் நடவடிக்கையில் ஒரு மாதத்துக்குள் 20,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தொலைக்காட்சியில் கதவுகள் உடைபட்டன, நாய்கள் குரைத்தன. அதை இடைநிறுத்துமாறு ஐ.நா.வின் சிறப்பு வல்லுநர்கள் 2024 ஜனவரியில் கேட்டார்கள். அதன் முகமாக இருந்த பதில் பொலிஸ்மா அதிபர் தேசபந்து தென்னகோன், சந்தேகநபர் ஒருவரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது அந்த நடவடிக்கை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான். 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. இத்தனைக்கும் பிறகு ஐஸ் இன்னும் வருகிறது. பிடிபட்டவர்களில் பெரும்பாலானோர் பாவித்த பிள்ளைகள், சில்லறையாக விற்றவர்கள். படகின் சொந்தக்காரரோ காசு போட்டவரோ கதவு உடைபடுகிற வீட்டில் குடியிருப்பதில்லை.

பயத்துக்குப் பதிலாக ஊரும் பொலிஸும் கூடி வேலை செய்யலாம் என்றால் அதையும் மறுக்கிற மூன்றாவது கட்சியினர்தான் என்னைக் கூடுதலாக எரிச்சல்படுத்துகிறவர்கள். படித்தவர்கள், நல்ல மனிதர்கள், ஆனால் களைத்துப்போனவர்கள். “ஊரும் பொலிஸும் கூடி வேலை செய்யிறதெல்லாம் வெள்ளைக்காரன்ர புரொஜெக்ட் கதை. எங்கட சனம் ஒற்றுமைப்படாது, சாட்சி சொல்ல வராது” என்பது இவர்களுடைய வாதம். சனம் வராததா? 2011 ஓகஸ்டை மறந்துவிட்டோமா? கிறீஸ் பூதம் என்ற பெயரில் மர்ம மனிதர்கள் நாடு முழுதும் பெண்களைப் பயமுறுத்தியபோது வடக்கில் ஊர் ஊராக ஆட்கள் விழித்திருந்து காவல் இருந்தார்கள். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் துரத்திக்கொண்டு போனவர்கள், ஓடியவர்கள் படைமுகாமுக்குள் போனதாகச் சொன்னார்கள். அன்றிரவே படையினரும் பொலிஸாரும் ஊருக்குள் புகுந்து நூறுக்கு மேற்பட்ட ஆண்களை வீடுகளிலிருந்து இழுத்து அடித்துக் கைது செய்தார்கள். ஒற்றுமைப்பட்டதற்குக் கிடைத்த சம்பளம் அது.

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டபோதும் ஊர் சும்மா இருக்கவில்லை. முக்கிய சந்தேகநபர்களில் ஒருவரை ஊராரே பிடித்துக் கட்டிவைத்தார்கள். அவர் அங்கிருந்து விடுபட்டு வெள்ளவத்தை வரை போய்ச் சேர்ந்தார். எப்படிப் போனார் என்பதற்குப் பதில் பத்தாண்டு கழித்து வன்னியில்தான் கிடைத்தது. அந்தச் சந்தேகநபர் தப்பிச்செல்ல உதவிய குற்றத்துக்காக, முன்னாள் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவருக்கு 2025 பெப்ரவரியில் வவுனியா மேல் நீதிமன்றம் நான்கு ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. ஊர் தன் பங்கைச் செய்துவிட்டது, அறுந்தது மேலே இருக்கிற முனை. அப்படியிருக்க, கீழே இருக்கிற முனையைப் பார்த்து ‘ஒற்றுமையில்லாத சனம்’ என்று பிரசங்கம் வைக்கிறோம்.

அப்படியானால் இருக்கிற குழுக்கள் நல்லவையா? இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கிராம அலுவலர் பிரிவு தோறும் சிவில் பாதுகாப்புக் குழு என்று ஒன்றும், சமுதாயப் பொலிஸ் என்ற பெயரில் இன்னொன்றும் அவ்வப்போது அமைக்கப்படுகின்றன. பெயர்ப்பட்டியல் எடுப்பார்கள், தேநீரும் பணிசும் வரும், தொலைபேசி இலக்கம் கொடுப்பார்கள், குழுப்படம் எடுப்பார்கள். பிறகு என்ன நடக்கும்? ஊருக்குள் யார் புதிதாக வந்தார், யார் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறார், எந்த வீட்டில் கூட்டம் என்று கேட்டு அழைப்பு வரும். தகவல் கீழிருந்து மேலே மட்டும் போகும். மேலிருந்து ஒன்றும் கீழே வராது. கசிப்பு நிலையத்தைக் காட்டிக்கொடுத்தவரின் பெயர் இரண்டு நாளில் காய்ச்சுகிறவரின் வாய்க்கு வந்துவிட்ட கதையை வன்னியில் கேட்காத ஊர் இல்லை. முன்னாள் போராளி ஒருவரைக் காலையில் புலனாய்வாளர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போக, பின்னேரம் அதே ஆளைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்டால் அவர் என்ன நினைப்பார்? குழு தோற்றுப்போனதற்கு ஆதாரமாக இவற்றைக் காட்டுகிறார்கள். எனக்கு இவை வேறொன்றைக் காட்டுகின்றன. கூட்டு என்பது இன்னும் தொடங்கவே இல்லை. இதுவரை நடந்தது ஆள் சேர்ப்பு.

பொலிஸுக்குக் கையாளாகும் கூட்டு எங்கே போய் முடியும் என்பதைப் பாக்குநீரிணையின் அக்கரை காட்டியது. 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்ற காவல்துறை அதிகாரி தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள் குழு’ நல்ல எண்ணத்தில் பிறந்தது. தமிழ்நாடு முழுதும் பரவியது, வெளிநாடுகளிலும் பெயர் வாங்கியது. ஆனால் அந்த நண்பர்கள் பொலிஸுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள், பொலிஸ் அவர்களுக்கோ ஊருக்கோ பதில் சொல்லக் கடமைப்படவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வியாபாரியான தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது அந்தக் குழுவினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதம் தமிழ்நாடு அரசு குழுவையே தடைசெய்தது. வன்னி இளைஞர்களின் கையில் தடியும் மார்பில் அடையாள அட்டையும் கொடுத்து இரவு ரோந்து விடலாம் என்று யோசனை சொல்பவர்கள் சாத்தான்குளத்தைப் படிக்கட்டும்.

எதிர்ப்பக்கமாகவும் ஓர் ஊர் இருக்கிறது. வட அயர்லாந்து. ஒப்பீட்டில் எத்தனையோ இடறல் உண்டு. அங்கே போர் பேச்சில் முடிந்தது, இங்கே முள்ளிவாய்க்காலில் முடிந்தது. ஆனால் நம் கேள்விக்கு அதைவிட நெருங்கிய ஊர் வேறில்லை. பெல்பாஸ்டின் கத்தோலிக்கப் பகுதிகளில் பொலிஸை யாரும் நம்பவில்லை. களவெடுத்த, கார் கடத்திய, போதைமருந்து விற்ற பொடியன்களை அங்கத்தைய ஆயுத இயக்கமான ஐ.ஆர்.ஏ. முழங்காலில் சுட்டது. அங்கேயும் தாய்மார் அதை நியாயப்படுத்தினார்கள். சில வீடுகளில் பெற்றோரே நேரம் குறித்துப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டார்கள். குறைந்ததா குற்றம்? சுடப்பட்டவன் நொண்டிக்கொண்டு திரும்பிவந்து மறுபடியும் கார் கடத்தினான். அமைதி ஒப்பந்தத்தை ஒட்டிய ஆண்டுகளில், தண்டித்தே பழகிய அதே குடியிருப்புகளில் சிலர், முன்னாள் கைதிகள் உட்பட, பாதிக்கப்பட்டவரையும் செய்தவரையும் எதிரெதிரே இருத்திப் பேசவைக்கும் நிலையங்களைத் தொடங்கினார்கள். 1999இல் பொலிஸ் சீர்திருத்தத்துக்கான பாட்டன் ஆணைக்குழு 175 பரிந்துரைகளோடு வந்தது. 2001இல் பழைய பொலிஸ் பெயரும் சின்னமும் மாறின. புதிதாகச் சேர்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். நூற்றுக்கு எட்டு அளவில் இருந்த கத்தோலிக்கர் பத்து ஆண்டுகளில் முப்பதை அண்மித்தார்கள். மாவட்டம் தோறும் உள்ளூராட்சி உறுப்பினர்களும் பொதுமக்களும் அமர்ந்த கூட்டுக் குழு, அந்தப் பகுதிப் பொலிஸ் அதிகாரியைப் பகிரங்கமாக இருத்திக் கேள்வி கேட்டது. ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் பெயின் கட்சி பொலிஸை ஏற்க 2007 ஜனவரி வரை எடுத்தது. அவசரப்படவும் இல்லை, அதுவரை சும்மா இருக்கவும் இல்லை.

இதில் நான் பெறுமதியாகக் கருதுவது பெயர் மாற்றத்தையோ நூற்றுவீதத்தையோ அல்ல. அதிகாரி ஊருக்கு முன்னால் கதிரையில் இருந்து பதில் சொன்னார். அந்தக் கதிரை வன்னியில் இதுவரை போடப்படவில்லை.

வன்னியிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம் ஒன்றுக்குப் போய் இருந்து பார்க்கவேண்டும். எந்த வீட்டில் இரவில் அடி விழுகிறது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வாய்க்கால் கட்டில் நிற்கிறது, எந்தக் கடனுக்கு யார் வந்து மிரட்டுகிறான், கோடா போட்ட பரல் எந்தப் பற்றைக்குள் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். போர் ஆண்களைத் தின்றுவிட்ட ஊர்களில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் அவர்கள். கமக்கார அமைப்புக்கு எந்த ஆற்றோரத்தில் எத்தனை மணிக்கு டிப்பர் இறங்குகிறது என்று தெரியும். கடற்றொழிலாளர் சங்கத்துக்கு எந்தப் படகு வெறுவலையோடு போய்க் கனமாகத் திரும்புகிறது என்று தெரியும். மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள், வேலிச் சண்டை கத்திக்குத்தாக மாறாமல் எத்தனையோ தடவை நிறுத்தியவர்கள். சனசமூக நிலையம் இருக்கிறது, விளையாட்டுக் கழகம் இருக்கிறது. இத்தனையையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாக ஒரு குழு அமைத்து, அதற்குப் பொறுப்பதிகாரிக்குப் பிடித்த ஒரு முதலாளியைத் தலைவராக்குவதுதான் வழக்கம்.

பெண்கள் பற்றி இன்னும் ஒன்று. ‘அந்தக் காலத்தில் குற்றம் இல்லை’ என்கிறவரும் ‘இந்தக் காலத்தில் குற்றம் கூடிவிட்டது’ என்கிறவரும் எண்ணுவது பெரும்பாலும் வீதியில் நடப்பதைத்தான். வீட்டுக்குள் விழும் அடி இரண்டு கணக்கிலும் இல்லை. வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. பாதுகாப்புக் கட்டளைக்கு நீதவான் நீதிமன்றம் போகலாம். போகிறவர் எத்தனை பேர்? பொலிஸ் நிலையத்தில் அவள் சொல்வதைத் தமிழில் கேட்டுத் தமிழில் எழுத ஒரு பெண் உத்தியோகத்தர் அந்த நேரத்தில் கடமையில் இருக்கவேண்டும். வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. பொலிஸ் நிலையங்களில் 24 மணித்தியாலமும் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கவேண்டும் என்று அரசே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தின் கீழ் கையெழுத்து வைத்துவிட்டு வரும் பெண்ணிடம் போய், உங்கள் ஊருக்குப் பயம் காணாது என்று சொல்லிப் பாருங்கள். அவளிடம் பயம் தாராளமாகவே இருக்கிறது. பயப்படாதவன் அடிக்கிறவன். அவள் போய்ச் சொன்னாலும் ஒன்றும் நடக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

குற்றம் செய்கிறவனைத் தடுப்பது தண்டனையின் பயங்கரம் என்று நம்புகிறோம். கசிப்புக்காரரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். பிடிபட்டால் தண்டம் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும், அதை வியாபாரச் செலவில் எழுதிவைத்திருப்பார். அவர் அஞ்சுவது பக்கத்து வீட்டுக்காரி வாய் திறக்கும் நாளுக்கு. அவள் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் தண்டனை போதாது என்பதா, தன் பெயர் வெளியே போய்விடும் என்பதா? தண்டத்தை இரண்டு மடங்காக்கினால் அவருடைய பொருளின் விலை ஏறும். முறைப்பாடு செய்தவளின் பெயர் காக்கப்பட்டால், அவளுக்குப் பத்து நாளில் பதிலும் வந்தால், கசிப்பு நிலையம் இடம் மாறும். இரண்டு தடவை இடம் மாறினால் லாபம் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு கனமான எதிர்வாதம் வரும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு வராமல், படை முகாமுக்குத் திரும்பாமல், கூட்டு என்று பேசுவது ஆக்கிரமிப்பை அலங்கரிப்பது இல்லையா? 1987இன் 13ஆம் திருத்தம் மாகாணப் பொலிஸைத் தாளில் தந்தது. இன்றுவரை எந்த மாகாணத்துக்கும் அது கிடைக்கவில்லை. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அரசியல் தீர்வு வரும்வரை பொலிஸைத் தொடமாட்டோம் என்ற தீட்டுக் கணக்கால் யார் பாதுகாக்கப்படுகிறார்கள்? வசதியுள்ளவர் மதில் எழுப்புகிறார், கண்காணிப்புக் கமெரா பூட்டுகிறார், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். தறப்பாள் கதவு வைத்த வீட்டுக்காரி அரசியல் தீர்வுக்காகக் காத்திருக்கவேண்டும். ஒரு பொறுப்பதிகாரியைப் பார்த்து நூறு பேர் முன்னிலையில் கேள்வி கேட்பது அவரை ஏற்றுக்கொள்வதாகாது. கேள்வி கேட்காமல் இருப்பதுதான் அவரை விட்டுவைப்பது.

பொலிஸின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். மொனராகலையிலிருந்தோ அனுராதபுரத்திலிருந்தோ வந்த இருபத்திரண்டு வயதுக் கான்ஸ்டபிளுக்கு ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது. மணல்காரரிடம் காசு வாங்காத அதிகாரி ஒருவர் வந்தால் அவருக்கு இடமாற்றம் கெதியாக வருகிறது. அப்படிப்பட்டவர் போகும்போது மனு எழுதிக் கையெழுத்து வாங்கிய ஊர்களும் வன்னியில் உண்டு. விசுவமடுவில் 2018இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கேணல் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது, அவரிடம் பண்ணையிலும் முன்பள்ளியிலும் வேலை செய்தவர்கள் தோளில் தூக்கி அழுது வழியனுப்பினார்கள். தமிழ் அரசியலில் அது பெரும் சர்ச்சையானது. சம்பளத்துக்காக அழுதார்கள் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். நான் அந்தப் படத்தை வேறு விதமாகப் பார்த்தேன். முன்பள்ளி ஆசிரியைக்குப் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்து சம்பளம் போவது பிழையான ஏற்பாடு, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஆளுக்கு ஆள் மரியாதையாக நடந்த ஓர் அதிகாரிக்கு இந்தச் சனம் எவ்வளவு திருப்பிக் கொடுக்கும் என்பதை அங்கே கண்டேன். அந்த நல்ல குணம் ஒரு தனி மனிதரோடு ஊரை விட்டுப் போய்விட்டது என்பதுதான் குறை. குணத்தை நம்பிய ஒழுங்கு இடமாற்றக் கடிதத்தோடு முடிந்துவிடும்.

ஆகவே வரப்போகும் மாதக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கூட்டத்தைப் பொலிஸ் நிலையத்தில் வைக்கவேண்டாம், பொதுநோக்கு மண்டபத்தில் வையுங்கள். தலைமையை மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாறி மாறி எடுக்கட்டும். புலனாய்வாளர் வந்திருந்தால் எழுந்து பெயரையும் பதவியையும் சொல்லிவிட்டு இருக்கட்டும், இல்லையென்றால் போகட்டும். பெயர் குறித்து யாரையும் பற்றி அந்த மண்டபத்தில் பேசவேண்டாம், அது முறைப்பாட்டுப் புத்தகத்துக்கு உரியது. கூட்டறிக்கை தமிழில் எழுதப்பட்டு சனசமூக நிலையத்தில் தொங்கட்டும். பொறுப்பதிகாரியிடம் கேட்கவேண்டியவை அதிகமில்லை. சென்ற மாதம் இந்தப் பிரிவிலிருந்து வந்த முறைப்பாடுகள் எத்தனை? எத்தனை நீதிமன்றம் போயின? மிச்சத்துக்கு என்ன நடந்தது? இரவில் தமிழில் வாக்குமூலம் எழுத யார் கடமையில் இருக்கிறார்? சென்ற கூட்டத்தில் சொன்ன டிப்பர் வீதியில் என்ன செய்தீர்கள்? பதில் கிடைத்தால் அதை எழுதுங்கள். கிடைக்காவிட்டால், கேட்ட கேள்வியையும் பதில் கிடைக்கவில்லை என்பதையும் திகதியோடு எழுதுங்கள். ஒரு பிரதி பிரதேச செயலருக்கு, ஒன்று தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு, ஒன்று வவுனியாவில் இருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு. அதே கேள்விகளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்டு, மனு கொடுத்ததற்கான பற்றுச்சீட்டையும் வாங்கி வையுங்கள்.